கஷ்டப்படும் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சபையில் ஒரு மாலைப் படிப்பகம்: நடத்தும் முறை

அப்பா குடிக்கிற வீடு, அம்மா இறந்துபோன வீடு, பெற்றோர் இருவரும் செங்கல் சூளைக்குப் போக, பாட்டியோடு பிள்ளைகள் தங்கிவிட்ட வீடு. எந்தச் சபையை எடுத்தாலும் இப்படி ஐந்தாறு வீடுகள் இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி, ஜூன் மாதம் நோட்டுப் புத்தகம், நடுவில் ஒரு உபவாச ஜெபம் என்று செய்கிறோம். தப்பில்லை. ஆனால் அவற்றுக்கு நடுவே முந்நூற்றுச் சொச்சம் மாலைப்பொழுதுகள் கிடக்கின்றன. அப்பா தள்ளாடி வருவதும், அடுப்பு பற்றாததும், வீட்டுப்பாடம் எழுத வெளிச்சம் இல்லாததும் அந்த மாலைகளில்தான்.

அதனால் இந்தப் பிள்ளைகளுக்குச் சபை தரக்கூடியவற்றில் பெரியது, தினமும் ஒரே நேரத்தில் திறக்கிற ஒரு கதவும், அதற்குள் காத்திருக்கிற ஒரே முகமும்தான். இது புதிய யோசனையும் இல்லை. 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியபோது, வாரத்தின் மற்ற நாளெல்லாம் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு அங்கே முதலில் கற்றுத்தரப்பட்டது எழுத்துக்கூட்டி வாசிப்பது. பாட்டும் கதையும் கைவேலையுமாக அது மாறியது பிற்பாடு.

தொடங்கும் முன்

பன்னிரண்டு பிள்ளைகளோடு தொடங்குங்கள். முதல் ஆண்டில் 25ஐத் தாண்ட வேண்டாம். அதில் மூன்றில் ஒரு பங்காவது சாதாரண வீட்டுப் பிள்ளைகளாக இருக்கட்டும். கமிட்டி உறுப்பினர் வீட்டுப் பிள்ளையும் ஆசிரியர் வீட்டுப் பிள்ளையும் அதே பாயில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் அதற்கு 'அநாதைப் பிள்ளைங்க டியூஷன்' என்று தெருவில் பெயர் விழுந்துவிடும். அப்புறம் எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட ஒரு பையனும் வரமாட்டான். 'ஏழைப் பிள்ளைகள்', 'ஆதரவற்றோர்' என்ற சொற்கள் பெயர்ப்பலகையில் வேண்டாம். 'படிப்பகம்' என்றால் போதும்.

இடம் ஆலயத்துக்குள் வேண்டாம், பக்கத்து ஹாலில் இருக்கட்டும். பிற மதத்துப் பெற்றோருக்கு அது தயக்கத்தைக் குறைக்கும். உள்ளிருந்து தாழ்போடக்கூடிய, விளக்கு உள்ள கழிப்பறை கட்டாயம். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் பாதியில் நின்றுவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது கழிப்பறைத் தாழ்ப்பாளைத்தான். 12க்கு 20 அடி அறைக்கு 20 வாட்ஸ் எல்.இ.டி. குழல் விளக்கு மூன்றாவது வேண்டும். கோரைப்பாய் போதும், ஆனால் எழுத ஓர் அடி உயரப் பலகை இருக்கட்டும். தரையில் குனிந்து எழுதுகிற பிள்ளை அரைமணி நேரத்தில் முதுகு வலித்து நெளியத் தொடங்கும். நாமோ அதைக் கவனக்குறைவு என்று திட்டுவோம்.

ஆட்கள்தான் இதில் கடினமான பகுதி. எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். எந்த நேரத்திலும் அறையில் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். கதவும் சன்னலும் திறந்தே இருக்க வேண்டும். வாலிபர் சங்கத்தார் ஜூனில் உற்சாகமாக வருவார்கள், நவம்பரில் செமஸ்டர் வந்ததும் காணாமல் போவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்கள் வாழ்க்கை அப்படி. எனவே முதுகெலும்பாக ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இரண்டு பேர், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இரண்டு பேர் இருக்க, வாலிபர்கள் கூடுதலாக வரட்டும். 'முடியும்போது வருகிறேன்' என்பவரைச் சேர்க்காதீர்கள். செவ்வாயும் வியாழனும் என்று நாள் குறித்துச் சொல்பவரைச் சேருங்கள். வீட்டில் பெரியவர்களின் வாக்கு தினமும் உடைவதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, 'நாளைக்கு வர்றேன்' என்று சொல்லிவிட்டு வராத அண்ணன் இன்னொரு காயம்.

பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். அதில் ஜெபம் உண்டு என்பதையும், பிற மதத்துப் பிள்ளைகள் அதில் கலந்துகொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும் தெளிவாக எழுதுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். ஜெப நேரத்தில் அந்தப் பிள்ளைகள் நூலக அலமாரிப் பக்கம் போய் வாசிக்கட்டும், முணுமுணுப்புக் கூடாது.

இரவு தங்கவைக்கும் வேலையை மட்டும் எக்காரணத்தாலும் தொடங்காதீர்கள். 'பாவம், இன்னைக்கு ராத்திரி ஹால்லயே படுத்துக்கட்டும்' என்ற இரக்கத்தில் தொடங்கி, பதிவில்லாத விடுதியாக முடிந்துவிடும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளைத் தங்கவைக்கும் எந்த இல்லமும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் பதிவுசெய்யப்பட வேண்டும். பதியாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னாலும் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் அனுமதி இல்லாமல் அதைத் தொடக்கூடாது. உள்ளூர்க் காணிக்கையே இதற்குத் தாங்கும். ஒரு பிள்ளைக்கு நாளுக்குப் பத்து ரூபாய் என வைத்தால் 25 பிள்ளைகளுக்கு 22 நாளில் 5,500 ரூபாய். நோட்டில் வரவு செலவு எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போடுங்கள்.

முதலில் சாப்பாடு

எலியா சூரைச்செடியின்கீழ் சாகவேண்டும் என்று படுத்தபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. 'எழுந்திருந்து போஜனம்பண்ணு' என்றான். அவன் சாப்பிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாம் தரம் எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19). கர்த்தர் அவனிடம் பேசியது அதற்கு அப்புறம். படிப்பகத்தின் வரிசையும் இதுதான்: சாப்பாடு, ஜெபம், பாடம்.

பிஸ்கட் வேண்டாம். அரைமணியில் மறுபடி பசிக்கும். 25 பிள்ளைகளுக்கு ஒரு கிலோ கறுப்புக் கொண்டைக்கடலை சரியாக இருக்கும். வெந்தபின் இரண்டு கிலோவுக்குச் சற்று மேலே வரும், ஆளுக்கு ஒரு குழிக்கரண்டி நிறைய. எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும், காலையிலேயே போட்டுவிடுங்கள். மறந்துவிட்ட நாளில் பச்சைப்பயறு கைகொடுக்கும், ஊறாமலே வேகும். வாரம் ஒருநாள் அவித்த முட்டை, ஒருநாள் அவித்த வேர்க்கடலை. வேர்க்கடலையும் முட்டையும் ஒத்துக்கொள்ளாத பிள்ளை உண்டா என்று சேர்க்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

சுண்டலைப் பாதி தின்றுவிட்டு மீதியைத் தாளில் மடித்துப் பைக்குள் வைக்கும் பிள்ளையைத் திருடன் மாதிரிப் பார்க்காதீர்கள். வீட்டில் தம்பியோ தங்கையோ இருக்கும். மூடியுள்ள டப்பா ஒன்றில் இன்னொரு பங்கு போட்டு, மற்றவர்கள் பார்க்காமல் புறப்படும்போது கொடுங்கள்.

இரண்டு மணி நேரம்

ஐந்தரையிலிருந்து ஏழரை வரை. ஐந்தரைக்குக் கை கழுவிச் சாப்பாடு, ஐந்தே முக்காலுக்குப் பத்து நிமிட ஜெபம், அப்புறம் முக்கால் மணி நேரம் பள்ளி வீட்டுப்பாடம், பத்து நிமிடம் ஓட்டம், மீதி நேரம் வாசிப்பும் கணக்கும். கார்த்திகை, மார்கழியில் சீக்கிரம் இருட்டிவிடும். அந்த மாதங்களில் கால் மணி முன்னதாகத் தொடங்கி ஏழு மணிக்குள் முடியுங்கள். ஒரே தெருப் பிள்ளைகள் கூட்டமாகப் போக, கடைசி வீடு வரை ஒரு பெரியவர் உடன் போகட்டும்.

ஜெபம் பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம். ஆயர் வந்துவிட்டார், விசேஷ விருந்தாளி வந்துவிட்டார் என்று அது நாற்பது நிமிடமாக நீளும் நாளில், மறுநாள் கணக்குப் பரீட்சை உள்ள பிள்ளை மனதுக்குள் என்ன ஜெபம் பண்ணும் என்று சொல்லத் தேவையில்லை.

சேரும் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கொடுத்து, தனியாக உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். நூறு சொல்லில் பத்துக்கு மேல் தடுக்கினால், அந்தப் பிள்ளை ஏழாம் வகுப்பிலிருந்தாலும் எழுத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். வாசிப்புப் பழக்கத்துக்குப் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தைக் கொடுக்காதீர்கள். 'சேர்த்துக்கொள்ளுவார்', 'நினைத்தருளினார்' போன்ற நீண்ட கூட்டுச் சொற்களில் எழுத்துக்கூட்டும் பிள்ளை மூச்சுத் திணறிப்போகும். சின்னக் கதைப் புத்தகத்தில் வாசிப்பு வந்தபின், எளிய நடை மொழிபெயர்ப்புக்கு வாருங்கள். பழைய மொழிபெயர்ப்பின் அழகு மனப்பாடத்துக்கு இருக்கட்டும். முதலில் சங்கீதம் 117, இரண்டே வசனம். அப்புறம் 23ஆம் சங்கீதம், ஆறு வசனத்துக்கு ஆறு வாரம்.

இரண்டு நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு மூன்றாம் நாள் யாராவது போக வேண்டும். 'ஏன் வரலை' என்று விசாரணை வேண்டாம். 'உன்னைத் தேடுனோம்' என்றால் போதும். வருகைப் பதிவேட்டில் யார் போனார், என்றைக்குப் போனார் என்று எழுதுங்கள். இந்த ஒரு பழக்கம் இல்லாத இடத்தில், டிசம்பருக்குள் மிகவும் தேவையுள்ள பிள்ளைகள் நின்றுபோய், தேவையில்லாத பிள்ளைகளே மிஞ்சுவார்கள்.

எந்த வேதபாடம், எந்த வார்த்தை

யோசேப்பின் கதையில் நாம் பலவருண அங்கியைச் சொல்வோம், பார்வோனின் இரதத்தைச் சொல்வோம். நடுப்பகுதியைத் தாண்டிவிடுவோம். இந்தப் பிள்ளைகளுக்கு நடுப்பகுதிதான் பாடம். விற்கப்பட்டபோது அவனுக்கு வயது பதினேழு (ஆதியாகமம் 37:2), பார்வோனுக்கு முன் நின்றபோது முப்பது (41:46). கரும்பலகையில் ஒரு கோடு இழுத்துப் பதின்மூன்று பிரிவு போடுங்கள். எந்தப் பிரிவில் பொய்க் குற்றச்சாட்டு வந்தது, எங்கே பானபாத்திரக்காரன் மறந்துபோனான், அதற்குப்பின் இரண்டு முழு வருஷம் என்ன நடந்தது என்று கேளுங்கள். ஒன்றுமே நடக்கவில்லை. அந்த இரண்டு வருஷமும் அவன் காலையில் எழுந்து சிறைச்சாலையில் தன் வேலையைப் பார்த்தான். வைராக்கியம் என்ற சொல்லை விளக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. பெற்றோரை இழந்து மொர்தெகாயிடம் வளர்ந்த எஸ்தர், அண்ணன் தம்பிகள் துரத்திவிட்ட யெப்தா, ஐந்து வயதில் தாதி தூக்கிக்கொண்டு ஓடியபோது விழுந்து முடமான மேவிபோசேத் ஆகியோரையும் வரிசையில் வையுங்கள். யெப்தாவின் கதை முடிவு பெரிய பிள்ளைகளுக்கு மட்டும்.

'பரமபிதா' என்ற சொல்லில் கவனம் வேண்டும். அப்பா பெல்ட்டால் அடிக்கிற பிள்ளைக்கு, 'தேவன் உன் அப்பா மாதிரி' என்பது ஆறுதலே இல்லை. முதல் சில மாதம் மேய்ப்பன், கன்மலை, குஞ்சுகளைச் செட்டைகளின்கீழ் சேர்க்கும் கோழி (மத்தேயு 23:37), தேற்றும் தாய் (ஏசாயா 66:13) என்ற படங்களில் பேசுங்கள். 'என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்' என்ற 27ஆம் சங்கீத வசனத்தைச் சுவரில் எழுதாதீர்கள். அம்மா வெளியூர் வேலைக்குப் போயிருக்கும் பிள்ளை அதைப் பார்த்து, அம்மா தன்னைக் கைவிட்டுவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளும். தேவைப்படும் பிள்ளைக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

நல்ல எண்ணத்தில் சொல்லப்பட்டுக் கெடுதல் செய்யும் வாக்கியங்கள் சில உண்டு. சாவு வீட்டில் ஒன்பது வயதுப் பையனிடம் 'இனிமே நீதான்டா வீட்டுக்கு ஆம்பளை' என்பது அவனை அழவும் விடாது, படிக்கவும் விடாது, பதின்மூன்று வயதில் வேலைக்கு அனுப்பும். 'கர்த்தருக்குப் பிரியமானவங்களைச் சீக்கிரம் எடுத்துக்குவார்' என்றால், அடுத்து அம்மாவை எடுப்பாரோ என்று பிள்ளை இரவெல்லாம் விழித்திருக்கும். எல்லாவற்றிலும் மோசமானது 'நீ விசுவாசமா ஜெபம் பண்ணு, அப்பா குடியை விட்டுருவார்' என்பது. அப்பா விடமாட்டார். தன் ஜெபத்தில்தான் குறை, தன் விசுவாசம் பத்தவில்லை என்று பிள்ளை முடிவுகட்டிக்கொள்ளும். சிலகாலம் கழித்து ஜெபத்தையே விட்டுவிடும். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லுங்கள்: 'அப்பா குடிக்கிறதுக்கு நீ காரணம் இல்லை. நீ நிறுத்தவும் முடியாது. அப்பாவுக்காக நாங்க பெரியவங்க ஜெபம் பண்றோம். நீ உனக்காக ஜெபம் பண்ணு.'

எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்குப் புலம்பல் எழுதக் கற்றுக்கொடுங்கள். 13ஆம் சங்கீதம் நல்ல அச்சு. முதல் இரண்டு வசனம் முறையீடு, அடுத்த இரண்டு வேண்டுதல், கடைசி இரண்டு நம்பிக்கை. ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு. கூப்பிடுதல், நடந்தது, கேட்பது என்று மூன்று பகுதி எழுதட்டும், நம்பிக்கைப் பகுதியைக் கட்டாயப்படுத்த வேண்டாம். 88ஆம் சங்கீதத்திலும் அது இல்லை, இருளிலேயே முடிகிறது, இருந்தும் அது வேதாகமத்தில் இருக்கிறது. யாரும் அதில் எழுத்துப்பிழை திருத்தக் கூடாது. கேட்காமல் வாசிக்கவும் கூடாது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: 'உன்னை யாராவது காயப்படுத்துறாங்கன்னு எங்களுக்குத் தெரிஞ்சா, அதை மட்டும் ரகசியமா வைக்கமாட்டோம்.'

தொடுதல், அடி, புகார்

படிப்பகத்தில் பிரம்பு இல்லை, காதைத் திருகுவது இல்லை, முட்டிபோடவைப்பது இல்லை. மேசையில் ஓங்கித் தட்டினாலே சில பிள்ளைகள் தலையைக் கையால் மறைத்துக்கொள்ளும். அதைப் பார்த்தால் எங்கே கற்றுக்கொண்டது என்று புரியும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வயிற்றுவலி வரும் பிள்ளை, சனிக்கிழமை அப்பாவுக்குச் சம்பளம் வந்து, குடியும் அடியுமாக முடியும் வீட்டுப் பிள்ளையா என்று பாருங்கள்.

பாலியல் கொடுமை என்று பிள்ளை சொன்னாலோ, அப்படி நடந்தது என்று தெரியவந்தாலோ, கமிட்டியைக் கூட்டாதீர்கள், சம்பந்தப்பட்டவரை அழைத்து விசாரிக்காதீர்கள், 'சபைப் பேர் கெட்டுடும்' என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ, நிறுவனப் பொறுப்பில் உள்ளவர் என்றால் ஓராண்டு வரை. எந்த நேரமும் 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். பிள்ளை சொன்னதை அது சொன்ன வார்த்தையிலேயே, நேரம் தேதி போட்டு எழுதி வையுங்கள். திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். 'மன்னிச்சிருப்பா, இயேசு மன்னிக்கச் சொல்லியிருக்கார்' என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

வீட்டில் குடி

ஜெபக்கூட்டத்தில் கைதூக்கி 'இனி தொடமாட்டேன்' என்று ஒருவர் ஒப்புக்கொடுத்தால், அன்றைக்கே அவரை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போக ஆள் ஏற்பாடு செய்யுங்கள். இது விசுவாசக் குறைவு இல்லை. பல ஆண்டுகள் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை கைநடுக்கம், வியர்வை, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, ஆள் அடையாளம் தெரியாமை வரலாம். உயிருக்கே ஆபத்தான நிலை அது, மருந்தால் தடுக்கக்கூடியது. அதைப் பிசாசின் போராட்டம் என்று நினைத்து அறையில் அடைத்துவைத்து ஜெபிப்பது, பிள்ளையின் அப்பாவை இழக்கும் வழி. மருத்துவம் முடிந்தபின், குடியை விட்டவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஏ.ஏ. கூட்டங்கள் உதவும். மனைவிக்கும் குடும்பத்துக்கும் அல்-அனான் என்று தனிக் கூட்டங்கள் உண்டு.

காகிதங்கள்

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. பிறப்புச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை நகல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், பள்ளிக் கல்வித்துறைப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எமிஸ் எண். வைராக்கியமாகப் படித்த பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். மதிப்பெண் இருக்கும், சான்றிதழ் இருக்காது.

நம் சபைகளில் அடிக்கடி வருவது பெயர்ச் சிக்கல். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், ஆதாரில் மூன்றாவது எழுத்துக்கூட்டல். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் தேர்வுத்துறைக்குப் போவதற்கு முன், அதாவது ஒன்பதாம் வகுப்பிலேயே, மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். பட்டியலினத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான் கிடைக்கும். ஆனால் ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகையில் மதம் மாறிய ஆதிதிராவிட கிறிஸ்தவர்களுக்கும் இடமுண்டு. இது தெரியாமல் பலர் விண்ணப்பிப்பதே இல்லை.

சாவு நடந்த வீட்டில் இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. அடுத்து வாரிசுச் சான்றிதழ். சம்பாதிக்கும் தாயோ தகப்பனோ விபத்தில் இறந்திருந்தால், அரசு அல்லது உதவிபெறும் பள்ளிப் பிள்ளைக்கு 75,000 ரூபாய் வைப்புத்தொகைத் திட்டம் உண்டு. தலைமையாசிரியர் வழியாகக் கேட்க வேண்டும். பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைகளுக்கும், ஒருவர் இறந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கும் 2025இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் ஆதரவுத் தொகை மாதம் 4,000. அதற்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் விண்ணப்பிக்கும் ஆண்டில் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

ஒரு தவறு குறிப்பாகச் சபைகள் செய்வது. நன்றாகப் படிக்கும் ஏழைப் பிள்ளையை 'நம்ம மிஷன் ஸ்கூல்ல சேர்ப்போம்' என்று அரசுப் பள்ளியிலிருந்து எடுத்து உதவிபெறும் பள்ளியில் போடுகிறோம். மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும், உதவிபெறும் பள்ளிக்கு இல்லை. ஆறாம் வகுப்பில் செய்த அன்பான உதவி, பன்னிரண்டாம் வகுப்பில் ஓர் இடத்தைப் பறித்துவிடும். கல்லூரி மாணவியருக்கும் மாணவருக்குமான புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஆங்கிலவழிப் பிரிவில் சேர்க்கும் முன் இதையும் யோசியுங்கள்.

தேர்வுகள்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஜூனிலேயே, மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குத் தயார்ப்படுத்துங்கள். மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். மனத்திறன் கேள்விகள் பழக்கத்தில் வருபவை, தினம் பத்துக் கேள்வி போதும்.

பத்தாம் வகுப்பில் பயம் கணக்கில்தான். தோற்கும் நிலையிலுள்ள பிள்ளைக்கு முழுப் புத்தகத்தையும் நடத்த முயலாதீர்கள். வினாத்தாளில் ஒரு மதிப்பெண் பதினான்கு, இரண்டு மதிப்பெண் பத்து, ஐந்து மதிப்பெண் பத்து, கடைசியில் செய்முறை வடிவியலும் வரைபடமும் தலா எட்டு. வடிவியல், வரைபடம் இரண்டையும் தினம் ஒன்றாக இரண்டு மாதம் போட்டால் 16. பாடத்தின் பின்னுள்ள ஒரு மதிப்பெண் கேள்விகளைப் படித்தால் அதில் பத்தாவது கிடைக்கும். இரண்டு மதிப்பெண்ணில் ஐந்து செய்தால் மொத்தம் 36. தேர்ச்சிக்கு 35. இதை ஒரு தாளில் பிள்ளையின் கையாலேயே எழுதவைத்துப் பலகையில் ஒட்டுங்கள். 'என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே' என்ற வசனத்தையும் பக்கத்தில் ஒட்டலாம். ஆனால் தாள் இல்லாமல் வசனம் மட்டும் வேண்டாம். அப்படியும் தவறினால், ரிசல்ட் வந்த அன்று மாலை ஒருவர் அந்த வீட்டில் இருக்க வேண்டும். துணைத்தேர்வு சில வாரத்தில் வருகிறது, ஆண்டு வீணாகாது என்பதை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்தே சொல்லுங்கள். இரவு தனியாக விடக்கூடாத பிள்ளை என்று தோன்றினால், தனியாக விடாதீர்கள்.

மேடை

அசனப் பண்டிகைக்கோ, ஸ்தோத்திரப் பண்டிகைக்கோ, அந்தப் பிள்ளையை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பதினெட்டு வயதுக்கு முன் வேண்டாம். தன் வீட்டு அவமானத்தைச் சொன்னால் கைதட்டலும் காணிக்கையும் வருகிறது என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லும். திங்கட்கிழமை பள்ளியில் அது கேலியாகத் திரும்பும். நன்கொடையாளருக்கு அனுப்பும் வாட்ஸ்அப் படத்திலும் முகம் வேண்டாம், பெயர் வேண்டாம். சுண்டல் பாத்திரத்தையும் கரும்பலகையையும் படம் எடுங்கள், போதும். சங்கீதம் ஒப்புவிக்க, கீபோர்டு வாசிக்க, வரவேற்புரை சொல்ல மேடை ஏறட்டும்.

பன்னிரண்டு முடித்துக் கிளம்பும் நாளில் அந்தப் பிளாஸ்டிக் கோப்பினை மூலச் சான்றிதழ்களோடு பிள்ளையின் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். புலம்பல் நோட்டு அலமாரியில் இருந்தால் அதையும் கொடுத்துவிடுங்கள், நகல் எடுக்க வேண்டாம். கல்லூரியில் முதல் மாதம் வாரம் ஒருமுறை போன் செய்யும் பொறுப்பை ஒருவருக்கு எழுதிக் கொடுங்கள். விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லை, ஆங்கிலம் புரியவில்லை, வீட்டில் தம்பி தனியாக இருக்கிறான் என்று சான்றிதழை வாங்கிக்கொண்டு திரும்பி வருவது பெரும்பாலும் அந்த முதல் மாதத்தில்தான்.